மூலக்கடை பாய் பட்டறை: ஓடும்போது பிக்கப் சக்கரம் கழன்றால் கூப்பிட வேண்டிய இடம்

மூலக்கடையில் இருந்து ஜி.என்.டி. ரோட்டில் மாதவரம் பக்கம் போனால் லாரி பட்டறை, லேத், பழைய டயர் கடை என்று வரிசையாக இருக்கும். அதில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன பட்டறையைப் பற்றித்தான் இது. போர்டு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, ஷட்டர் மேல் பெயிண்டில் எழுதியது பாதி அழிந்துவிட்டது, எல்லாரும் பாய் பட்டறை என்றுதான் சொல்கிறார்கள் (அந்த ஏரியாவில் பாய் பட்டறை நாலைந்து இருக்கும் என்பது வேறு விஷயம்). ஐந்துக்கு நாலு ஸ்டார். வேலைக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன், மற்ற விஷயங்களுக்காக ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் பிக்கப் 8 வருடம் தாண்டிய வண்டி. சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஆங்கிள், பைப், ஷீட் ஏற்றி கொளத்தூர், பெரம்பூர், செங்குன்றம் பக்கம் இறக்குவதுதான் அதன் பிழைப்பு. அன்றைக்கும் அப்படித்தான், இருநூறு அடி ரோட்டில் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. கிட்ட வரும்போது பின்னால் இடது பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம், வேகம் கூடினால் சத்தமும் வேகமாகிறது, குறைத்தால் குறைகிறது. பைப் ஒன்றோடு ஒன்று இடிக்கிறது, ஓரம் கட்டிக் கயிறு இழுத்துவிடலாம் என்று டிரைவர் தம்பி சொல்லி வாய் மூடவில்லை, வண்டி இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது, எங்கள் வண்டியின் பின் சக்கரமே எங்களைத் தாண்டி முன்னால் உருண்டு போய் ஓரத்து மழைநீர்க் கால்வாய்ச் சுவரில் மோதி எகிறி விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற கூட்டம் இல்லை. இருந்திருந்தால் நான் இப்போது ரிவ்யூ எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பேன்.

டிரைவர் தம்பியை இந்த இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். திருவொற்றியூர் பையன், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகியவன். சக்கரம் போனதும் பிரேக்கை ஏறி மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, வண்டி தானாக வேகம் இறங்கும்வரை நேராக வைத்திருந்தான். மிதித்திருந்தால் சக்கரம் இல்லாத பக்கம் பிரேக் டிரம் ரோட்டில் உரச, பிடி முழுக்க இன்னொரு பக்கம் இழுக்க, வண்டி திரும்பி நின்றிருக்கும், பின்னால் வந்த டிரெய்லர் மேலே ஏறியிருக்கும். அதோடு இப்படி உட்காரும்போது பிரேக் பைப் அடிபட்டு ஆயில் கொட்டிவிட வாய்ப்பு அதிகம், பெடலை நம்ப முடியாது. எங்களுக்கும் பிறகு பார்த்தால் பைப் நசுங்கித்தான் இருந்தது.

வண்டி நின்ற பிறகுதான் உண்மையான தலைவலி. பின் சக்கரம் ஒன்று இல்லாவிட்டால் எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் சக்தியெல்லாம் அந்த மொட்டை டிரம்மைச் சுற்றுவதிலேயே போய்விடும், ஒரு அடி கூட நகராது. கொல்கத்தா ஹைவேயில் நின்றிருந்தால் நேஷனல் ஹைவே உதவி எண் 1033-க்கு அடித்திருக்கலாம், இங்கே அவரவர் பாடு. அந்தப் பக்கமாக வந்த ரெக்கவரி வேன்காரர் ஒருவர் லோடோடு தூக்க மாட்டேன், இறக்கிவிட்டுக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, அதற்கே ஒரு ரேட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு வழக்கமாக டயர் போடும் கடையில் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் மார்க்கெட்டில் ஒரு லாரி ஓனர் கொடுத்த நம்பர்தான் இந்த பாய்.

போன் எடுத்த விதம் கொஞ்சம் கரடுமுரடுதான். எந்த இடம், எந்தப் பக்கம் வீல், எவ்வளவு லோடு, ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் போல்ட்) இருக்கா உடைஞ்சிருக்கா என்று நாலு கேள்வி, அப்புறம் டக்கென்று கட் பண்ணிவிட்டார். வருகிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் நாங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு குட்டி யானையில் (டாடா ஏஸ் வண்டி) ரெண்டு பையன்கள் வந்து இறங்கினார்கள், பாட்டில் ஜாக்கி ரெண்டு, ரயில் தண்டவாளத்தில் போடுகிற மாதிரி தடித் தடியாக மரக்கட்டைகள், ஆரஞ்சு கோன் எல்லாமே கொண்டு வந்திருந்தார்கள். முதலில் கோனைக் கொண்டுபோய் நல்ல தூரத்தில் வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் வண்டியைத் தொட்டார்கள். மணலி பக்கத்து ரோட்டில் லாரி எப்படிப் பறக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பாதி லோடைத் தங்கள் குட்டி யானையில் மாற்றினார்கள், நல்ல சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள், ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் கட்டை மேல் வைத்துத் தூக்கினார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் ரோட்டில் எல்லாரும் சொல்லும் ஒரு வைத்தியம் உண்டு. மற்ற மூன்று சக்கரத்தில் இருந்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றி இதில் போட்டு மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். நட்டு மட்டும் விழுந்திருந்தால் அது சரி. வேடிக்கை பார்க்க நின்ற ஒரு பெரியவரும் அதைத்தான் சொன்னார், நானும் கேட்டேன். வந்த பையன் டார்ச் அடித்துக் காட்டினான்: ஸ்டட்டில் பாதி உடைந்து போயிருக்கிறது, மிச்சம் நிற்பதில் மரையே (நட்டு ஏறும் புரி) இல்லை, வழவழவென்று தேய்ந்துவிட்டது. "அண்ணே, இதுல நட்டு ஏறும், ஆனா நிக்காது" என்றான். சரி என்று ஆக்ஸில் அடியில் டிராலி கொடுத்துக் கட்டி, மெதுவாக இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம்.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமே பட்டறையில் நடந்ததுதான். வேறு இடமாக இருந்தால் உடைந்த ஸ்டட்டை மாற்றி, சக்கரத்தை மாட்டி, காசு வாங்கி அனுப்பியிருப்பார்கள். பாய் முதலில் சக்கரத்தைத் தரையில் போட்டு அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவரால் ரிம்மின் உள்முகத்தைச் சுரண்டினார், வெள்ளி கலர் பெயிண்ட் ஏடு ஏடாக வந்தது. "எஃப்.சி. எப்ப காட்டினீங்க தம்பி?" என்றார். எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், அப்போதுதான் காட்டி முடித்திருந்தோம். இந்த வயசு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி., அதற்கு முன் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்குவது எல்லாரும் செய்வதுதான். பெயிண்ட் வேலை எடுத்தவர்கள் சக்கரத்தைக் கழற்றி, ரிம்முக்கு முன்னும் பின்னும் ஸ்ப்ரே அடித்து, டிரம் மேலேயும் அடித்து, காயக்கூட விடாமல் ஏர் கன்னால் நட்டை அடித்துப் பூட்டித் தந்திருக்கிறார்கள். அது எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை, நேரில் போய்ப் பேசி முடித்தாகிவிட்டது.

பெயிண்டுக்கும் சக்கரம் கழல்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பாய் பொறுமையாகச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நட்டை முறுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு இழுபடுகிறது, அந்த இழுப்புதான் ரிம்மை டிரம்மோடு அமுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடி இருக்கும்வரை ரிம் அசையாது. நடுவில் பெயிண்ட், துரு, மண் எது இருந்தாலும் லோடு ஏறி ஓட ஓட அது நசுங்கி இடம் விடும், நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பாமலே பிடி போய்விடும். பிடி போனால் ரிம் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும், ஓட்டை நீளும், மரை தேயும், ஒரு ஸ்டட் உடைந்தால் அதன் பாரம் அடுத்ததுக்கு. எங்களுக்குக் கேட்ட அந்த டக் டக் இதுதான். நட்டைச் சுற்றி ரிம்மில் துரு கோடு கோடாக வழிந்திருந்தால் உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம், வெளியில் இருந்தே பார்த்துவிடலாம் என்றார். இடது சக்கரம்தான் அதிகம் கழலும், அதனால்தான் பழைய லாரிகளில் இடது பக்கத்துக்கு இடம்புரி மரை வைத்தார்கள் என்றும் சொன்னார். ஏர் கன்னை அவர் பட்டறையில் கழற்ற மட்டும்தான் பயன்படுத்துகிறார், அதை வைத்துப் பூட்டினால் ஒன்று லூஸாக நிற்கும் இல்லாவிட்டால் ஸ்டட்டை இழுத்துக் கொன்றுவிடும், ரெண்டுமே ஆபத்து என்பது அவர் கட்சி.

அந்த ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நன்றாக இருந்ததைப் போலத் தெரிந்த ஸ்டட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் தட்டி எடுத்துப் புதுசு போட்டார். மற்றது உடையும்போது இதுவும் பாரம் தாங்கியிருக்கிறது, இதை நம்ப மாட்டேன் என்றார். பழைய ரிம்மில் ஓட்டை முட்டை மாதிரி நீண்டுவிட்டது. வெல்டிங் வைத்து அடைத்துத் திரும்ப ஓட்டை போட்டுக்கொள்ளலாம், ரிம் காசு மிச்சம் என்று பக்கத்து லேத்தில் சொன்னார்கள், பாய் அதைக் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. வேறு ரிம் கொண்டுவந்தால்தான் மாட்டுவேன் என்று பிடிவாதம். பேரிங்கைக் கழுவிப் பார்த்தார், ஆயில் சீல் கிழிந்திருந்தது, மாற்றினார். டிரம் உதடு ரோட்டில் உரசித் தேய்ந்திருந்ததை லேத்தில் பார்த்து, இது இன்னும் ஓடும் என்று திருப்பித் தந்துவிட்டார், நியாயமாக அதற்கும் புதுசு விற்றிருக்கலாம். பிரேக் பைப் மாற்றி அதில் புகுந்த ஏரை எடுத்து, மற்ற மூன்று சக்கரத்தையும் கழற்றி பெயிண்டைச் சுரண்டி வயர் பிரஷ் போட்டு, சரியான அளவு முறுக்கியதும் கிளிக் என்று சத்தம் வரும் டார்க் ரெஞ்சால் எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி பூட்டினார். ஒவ்வொரு நட்டுக்கும் ரிம்முக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோடு விலகினால் நட்டு திரும்பியிருக்கிறது என்று டிரைவர் காலையில் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். நட்டு திரும்பாமலே பிடி போகுமே என்று கேட்டேன், அதுக்குத்தான் ஒரு 50, 100 கிலோமீட்டர் லோடோடு ஓட்டிட்டுத் திரும்ப வா, ரெஞ்ச் போட்டுப் பார்க்கணும் என்றார். போனோம், பார்த்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

லோடு எவ்வளவு என்று ரெண்டு முறை கேட்டார், பாஸிங்குக்குள்தான் (வண்டிக்கு அனுமதித்த எடைக்குள்) என்று எடைச் சீட்டைக் காட்டிய பிறகே நம்பினார். சாத்தங்காடு வண்டிகள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! ஓவர்லோடு பிடித்தால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000, அப்படியிருந்தும் ஏற்றுகிறவர்கள் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது பிடித்து வைத்த அந்த ஒரு ஸ்டார். முதலில் சொன்ன தொகை 6,000, கடைசியில் ஆனது 9,000-க்குக் கொஞ்சம் மேல், ரிம் நான் தனியாக வாங்கித் தந்தது. சீலும் பைப்பும் பிரித்த பிறகுதான் தெரிந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பிரித்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம், நான் திரும்பப் போய் நிற்கும்போது வேலை முடிந்து காசு மட்டும் பாக்கி என்ற நிலைமை. பில் என்று ஒரு துண்டுச் சீட்டு, மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தது, ஐட்டம் வாரியாகக் கேட்டதற்கு முகம் சுளித்தார், பிறகு எழுதித் தந்தார். கம்பெனி கணக்கு வைத்திருப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், மெக்கானிக்கல் கோளாறுக்குச் சாதாரண பாலிசியில் பணம் வராது.

உட்கார இடம் கிடையாது. ஒரே ஒரு உடைந்த சேர், அதில் எப்போதும் ஒரு பூனை. மழை பெய்தால் சந்து முழுக்கத் தண்ணீர், வண்டியை உள்ளே விடவே முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார், அப்போது போன் அடித்துப் பயனில்லை. ராத்திரி கூப்பிட்டால் பையன்கள் வருவார்கள், ரேட் கூட, பேரம் பேசினால் பாய் போனை வைத்துவிடுவார். அவசரமாக டெலிவரி இருக்கிறது, எப்படியாவது மாட்டிக் கொடு என்று நிற்கிறவர்களுக்கும் இந்தப் பட்டறை ஒத்துவராது, நான் இருக்கும்போதே ஒரு தண்ணீர் கேன் வண்டிக்காரர் இதே விஷயத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு வேறு கடைக்குப் போனார். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் லாரிக்காரர்கள் வந்து நின்றுவிட்டால் பிக்கப்பை எல்லாம் சாயங்காலம்தான் தொடுவார்.