'பற்றி' ஏன் கீழே விழுந்தது? தமிழ் மெனுவுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் பனம்பொருள் விற்கும் சிறிய கடை ஒன்றுக்கு இணையத்தளம் செய்துகொடுத்தேன். முதலில் ஆங்கிலத்தில் செய்தேன். ஹோம், புரொடக்ட்ஸ், பிரைசஸ், அபௌட், கொன்டாக்ட் என்ற ஐந்து சொல்லும் மெனுவில் ஒரே வரியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. கடைக்கார அக்கா, தமிழ்தான் முதலில் தெரியவேண்டும் என்றார். முகப்பு, பொருட்கள், விலைப்பட்டியல், எங்களைப் பற்றி, தொடர்புகளுக்கு என்று மாற்றி அவருடைய கைபேசியில் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் 'பற்றி' ஏன் கீழே விழுந்து கிடக்கிறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். மற்றவை ஒரு வரியில் நிற்க, 'எங்களைப் பற்றி' மட்டும் இரண்டாக முறிந்திருந்தது. 'தொடர்புகளுக்கு' திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் பாதி வெளியே போயிருந்தது.

அன்றிரவு அதே ஐந்து சொற்களை வைத்துக்கொண்டு, மெனு அமைக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மருமகனும் பக்கத்தில் இருந்தான். "மாமா, இதில் எதை முதலில் படிக்கவேண்டும்?" என்பது அவனுடைய கேள்வி. ஃப்ளெக்ஸ்பொக்ஸ் என்பது என்னுடைய விடை. ஆனால் அவனுடைய கையிலிருந்த குறிப்பில் இருந்தது ஃப்ளோட். இரண்டும் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் கட்டளைகள். அதனால் அங்கிருந்தே தொடங்கினோம்.

அடிப்படை எல்லா வழிக்கும் ஒன்றுதான். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில், நாவ் என்ற குறியின் உள்ளே ஒரு பட்டியல். பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்குள்ளும் ஓர் இணைப்பு. பட்டியலின் முன்னிருக்கும் புள்ளியையும் இடப்பக்க இடைவெளியையும் நீக்கிவிட்டால், வெறும் சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அவற்றைப் பக்கம் பக்கமாக நிறுத்துவது எப்படி என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

ஃப்ளோட் 1996 டிசம்பரில் வந்த முதலாவது சி.எஸ்.எஸ். பரிந்துரையிலேயே இருக்கிறது. பத்திரிகையில் படத்தை ஓரமாக வைத்து அதைச் சுற்றி எழுத்தை ஓடவிடுவார்களே, அதற்காகப் படைக்கப்பட்டது. வரிசையாக அடுக்குவதற்கு வேறு நல்ல கருவி இல்லாத காலத்தில் மெனுவுக்கும் பத்திகளுக்கும் அதையே இழுத்துப் பிடித்தார்கள். விளைவு இப்படி இருக்கும்: உருப்படிகள் எல்லாம் இடப்பக்கம் மிதக்கத் தொடங்கியவுடன், அவற்றைத் தாங்கும் பட்டியலின் உயரம் பூச்சியமாகிவிடும். மெனுவுக்குக் கொடுத்த பச்சைப் பின்னணி காணாமல் போகும். மருமகனுக்கு நடந்தது இதுவேதான். 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' போடு என்று குறிப்பு சொன்னது, போட்டான், பச்சை திரும்பி வந்தது. பிறகு கீழே விரியும் துணைப் பட்டியல் ஒன்றைச் சேர்த்தான். அது விரியவே இல்லை. விரிந்துதான் இருந்தது, வெளியே நீளும் பகுதியை அந்த 'ஹிடன்' வெட்டிவிட்டது. ஒரு மணித்தியாலம் போனது.

வலப்பக்கம் மிதக்கவிட்டால் இன்னொரு வேடிக்கை: முதலில் எழுதியது கடைசி வலது ஓரத்துக்குப் போய், முழு வரிசையும் தலைகீழாகும். அரபு மொழித் தளம்போல 'முகப்பு' வலது கோடியில் நிற்கும்.

ஃப்ளோட்டைப் படிக்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பழைய தளம் ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி யாராவது கேட்டால், உள்ளே அதுதான் இருக்கும். வாசிக்கத் தெரிந்தால் போதும். புதிதாக எழுதத் தேவையில்லை.

இன்லைன்-பிளொக் அதைவிடச் சாதுவானது. பின்னணி மறையாது, வரிசை புரளாது, இடம் போதாவிட்டால் உருப்படிகள் தாமாக அடுத்த வரிக்கு இறங்கும். ஒரே குறை, நீங்கள் கேட்காத ஓர் இடைவெளி. எச்.டி.எம்.எல். கோப்பில் ஓர் உருப்படியை முடித்து அடுத்ததைப் புதிய வரியில் தொடங்குவீர்கள் அல்லவா, அந்த வரிமுறிவை உலாவி ஒரு வெற்றிடமாக எண்ணிக்கொள்ளும். எழுத்துருவை மாற்றினால் அந்த இடைவெளியின் அளவும் மாறும். பெற்றோர் உறுப்பின் (வெளியே சூழ்ந்திருப்பதன்) எழுத்தளவைப் பூச்சியமாக்கி, உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மறுபடி அளவு கொடுப்பது அந்தக் காலத்து வைத்தியம். இரண்டு மூன்று இணைப்புகள் மட்டும் இருக்கும் அடிக்குறிப்புப் பகுதிக்கு இன்றைக்கும் இது போதும்.

இனி ஃப்ளெக்ஸ்பொக்ஸ். இதன் முதல் வரைவு 2009இல் வந்தது. இடையில் எழுதும் முறை இரண்டு தடவை மாறியதால், பழைய பாடங்களில் விசித்திரமான வேறு சொற்கள் தென்படும். அவற்றைக் கண்டால் தாண்டிப் போகலாம்.

தொடங்குபவர்கள் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இதில் இருக்கிறது. 'டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்' என்பதை மருமகன் நாவ் குறிக்குக் கொடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை, சொற்கள் முன்போலவே கீழ்நோக்கி நின்றன. கொடுக்கும் கட்டளை நேரடிப் பிள்ளைகளை மட்டுமே வரிசைப்படுத்தும். நாவுக்கு ஒரே பிள்ளை, அந்தப் பட்டியல். ஒற்றைப் பிள்ளையை வரிசையில் நிறுத்தி என்ன பயன்? பட்டியலுக்கே கொடுத்ததும் ஐந்தும் எழுந்து பக்கம் பக்கமாக நின்றன.

அக்காவின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருந்தது. அவருக்குக் காட்டிய மெனுவும் ஃப்ளெக்ஸ்பொக்ஸில் செய்ததுதான். ஃப்ளெக்ஸ் வரிசை, நீங்கள் சொல்லாதவரை, அடுத்த வரிக்கு இறங்காது. இடம் போதாவிட்டால் உருப்படிகளைச் சுருக்கும். எதுவரை என்றால், அதில் உள்ள மிக நீளமான சொல்லின் அகலம் வரை. 'எங்களைப் பற்றி' இரண்டு சொல் என்பதால் நடுவில் முறிந்து சுருங்கியது. 'தொடர்புகளுக்கு' ஒரே சொல். முறிய இடமில்லை, எனவே வெளியே தள்ளப்பட்டது. ஆங்கிலச் சொற்கள் ஐந்தும் குட்டையானவை என்பதால் இந்தக் குணம் கண்ணில் படவே இல்லை. தமிழ் போட்டதும் சாயம் வெளுத்துவிட்டது.

திருத்தம் இரண்டு வரிதான். பட்டியலுக்கு 'ஃப்ளெக்ஸ்-ராப்: ராப்', இணைப்புக்கு 'வைட்-ஸ்பேஸ்: நோராப்'. இப்போது சொல் முறியாது. இடமில்லாதபோது முழு உருப்படியும் அடுத்த வரிக்குப் போகும். இடைவெளிக்கு 'கேப்' கொடுத்தால் இரண்டு வரிகளுக்கு இடையிலும் சீராக விழும். இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஃப்ளெக்ஸ்பொக்ஸில் 'கேப்' குரோமுக்கு 2020இலும் சஃபாரிக்கு 2021இலும்தான் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்துவிட்டுப் போன பழைய ஐஃபோனை வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் குறைவில்லை. மென்பொருள் புதுப்பிக்கப்படாத அவற்றில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இணைப்புக்குக் கொஞ்சம் 'பேடிங்' (சொல்லைச் சுற்றிய உள்வெளி) கொடுத்திருந்தால் அங்கேயும் தப்பிவிடலாம். பேடிங்கை இணைப்புக்குக் கொடுங்கள், உருப்படிக்கு அல்ல. அப்போதுதான் விரல் படும் பரப்பு பெரிதாகும். எல்லோரும் பாவிக்கக்கூடிய தளத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு (டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2) அதற்குக் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. நான் 44 வைக்கிறேன்.

இங்கே தளம் என்றால் மொழித் தெரிவு வேண்டும்: சிங்களம், தமிழ், ஆங்கிலம். அதை ஆறாவது உருப்படியாகச் சேர்த்து, அதற்கு மட்டும் இடது மார்ஜினை (வெளி இடைவெளியை) 'ஓட்டோ' ஆக்கினேன். மிச்ச இடம் முழுவதையும் விழுங்கிக்கொண்டு அது வலது ஓரத்தில் போய் நின்றது. ஃப்ளோட்டில் இதற்குத் தனிப் போராட்டம் நடத்தவேண்டும்.

கிரிட் 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபொக்ஸ், சஃபாரி மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துசேர்ந்தது. நிரை, நிரல் இரண்டையும் சேர்த்து ஆள்வது. ஒற்றை வரி மெனுவுக்கு அது தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கணினித் திரையில் அந்த எண்ணம் சரிதான்: சம அகலக் கட்டங்களில் 'முகப்பு' தன் கட்டத்துக்குள் தொலைந்துபோய் நிற்கிறது, 'விலைப்பட்டியல்' முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் 360 பிக்சல் அகலக் கைபேசியில் என் எண்ணம் பொய்த்தது. ஃப்ளெக்ஸ் வரிகள் அங்கே ஓரம் ஒழுங்கில்லாமல் இறங்கின. ஒரு வரியில் மூன்று, அடுத்ததில் இரண்டு, கடைசியில் ஒன்று தனியாக. குறைந்தது 8 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் போல் எட்டு மடங்கு), கூடினால் சமபங்கு என்று கிரிட்டுக்குச் சொன்னேன். இரண்டு நிரல், மூன்று நிரை; ஆறு உருப்படியும் தட்டில் அடுக்கிய பனங்காய்ப் பணியாரம்போல உட்கார்ந்தன. அக்காவின் தளத்தில் இன்றைக்கு அகலத் திரைக்கு ஃப்ளெக்ஸும் கைபேசிக்குக் கிரிட்டுமாக ஓடுகிறது. மாற்றிவிடுவது திரையின் அகலத்தைப் பார்க்கும் ஒரு மீடியா குவெரி, மூன்று வரி.

"இவ்வளவு எதற்கு, பூட்ஸ்ட்ராப் போட்டால் முடிந்ததே" என்று நண்பர்கள் சொல்வார்கள். டுவிட்டரின் உள்ளே பிறந்து 2011இல் வெளியே விடப்பட்ட, ஆயத்தமான சி.எஸ்.எஸ். தொகுப்பு அது. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அதன் உள்ளே ஓடுவதும் ஃப்ளெக்ஸ்பொக்ஸ்தான். 2021இன் ஐந்தாம் பதிப்பு ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பைக் கைவிட்டது. அவசரத்துக்கு ஆயத்தமான மெனு, அதை ஒளித்துவைத்து அழுத்தினால் திறக்கும் மூன்று கோட்டுப் பொத்தான் எல்லாம் தரும். நாளைக்கே தளம் வேண்டும் என்று வாடிக்கையாளர் நெருக்கினால் நானும் எடுப்பேன்.

ஆனால் அதைக் கொண்டு பழகத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வழக்கமாக எல்லோரும் பிரதிசெய்யும் மெனு, திரை 992 பிக்சலுக்குக் கீழே போனதும் மூன்று கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு மேலே முழுவதும் விரியும். ஐந்து ஆங்கிலச் சொல்லுக்கு அந்த அகலம் தாராளம். கடையின் பெயரும் ஆறு தமிழ் உருப்படியும் தேடல் பெட்டியும் சேர்ந்தபோது, ஆயிரம் பிக்சல் அகல மடிக்கணினியில் மறுபடி 'பற்றி' கீழே விழுந்தது. வகுப்பின் பெயரில் 'எல்ஜி' இருந்த இடத்தில் 'எக்ஸ்எல்' என்று மாற்றினால் எல்லை 1200 ஆகும், சிக்கல் தீரும். ஃப்ளெக்ஸ்பொக்ஸ் தெரிந்தவனுக்கு அது ஒரு நிமிட வேலை. தெரியாதவன் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டுப் போவான். தமிழ் எழுத்தைச் சின்னதாக்கினால் வயதானவர்களுக்கு 'ண'வும் 'ன'வும் ஒன்றுதான்.

மூன்று கோட்டுப் பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காவின் அம்மா அதை அலங்காரம் என்று நினைத்தார். ஆறு உருப்படியை ஒளித்துவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்த வழியை எடுத்தாலும் தமிழுக்கென்று கவனிக்கவேண்டியவை சில இருக்கின்றன. ஆங்கிலப் பாடங்களில் இவை வராது. மெனுவின் உயரத்தை இறுக்கி வரி உயரத்தை 1 ஆக்கினால் 'கீ'யின் கொண்டையும் 'ழு'வின் வாலும் ஓரத்தில் வெட்டுப்படும், 1.6 அளவில் நிம்மதி. சுட்டி மேலே வந்ததும் எழுத்தைத் தடிப்பாக்காதீர்கள். தடித்த 'விலைப்பட்டியல்' அகலம் கூடி, பக்கத்தில் இருப்பவை எல்லாம் நடுங்கும். நிறமோ கீழ்க்கோடோ போதும். எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும் (கெப்பிட்டல்) கட்டளை யூனிகோட் தமிழை ஒன்றும் செய்யாது. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய தளம் ஒன்றில் அந்த ஒரு வரி செய்த கூத்தை மட்டும் மறக்கமுடியவில்லை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். சின்ன 'கே' என்றால் ம, பெரிய 'கே' என்றால் மு. சின்ன 'ஜே' த, பெரிய 'ஜே' து. ஆகவே மெனுவில் இருந்த 'தமிழ்' என்ற சொல் 'துமு' என்று தொடங்கி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

கடைசியாகக் கீழே விரியும் துணைப் பட்டியல். சுட்டி மேலே வந்தால் திறப்பதா, அழுத்தினால் திறப்பதா? பழைய பாடங்கள் எல்லாம் முதலாவதைச் சொல்லித்தரும்; வெறும் சி.எஸ்.எஸ். மட்டும் போதும் என்பதால் பார்க்கவும் மந்திரம்போல இருக்கும். தொடுதிரையில் 'மேலே வருவது' என்று ஒன்று இல்லை. கணினியிலும் மெனுவுக்கும் துணைப் பட்டியலுக்கும் நடுவில் 5 பிக்சல் வெளி இருந்தால், சுட்டி அதைக் கடக்கும் முன்பே பட்டியல் மூடிக்கொள்ளும். விசைப்பலகை மட்டும் பாவிப்பவருக்குத் திறக்கவேண்டுமென்றால் 'ஃபோகஸ்-விதின்' என்ற தெரிவியையும் சேர்க்கவேண்டும்.

அழுத்தித் திறப்பதற்கு 'டீடெயில்ஸ்' என்ற எச்.டி.எம்.எல். குறி மிக எளிது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே திறக்கும், மூடும், விசைப்பலகைக்கும் பணியும். வெளியே எங்காவது தொட்டால் மூடாது என்பதுதான் குறை. அண்மையில் எல்லா முக்கிய உலாவிகளுக்கும் வந்துவிட்ட 'பொப்ஓவர்' என்ற எச்.டி.எம்.எல். வசதி அதையும் செய்கிறது. இரண்டையும் மருமகன் ஒரே மாலையில் பழகிவிட்டான்.

பனங்கட்டி, ஒடியல், பனாட்டு, புழுக்கொடியல் என்று நான்கையும் 'பொருட்கள்' என்பதன் கீழே அழகாக விரித்து அக்காவிடம் காட்டினோம். பார்த்துவிட்டு, "நாலு சாமானுக்கு ஏன் இரண்டு தரம் அழுத்தவேண்டும்? முகப்பிலேயே படத்தோடு போட்டுவிடுங்கள்" என்றார். துணைப் பட்டியலை அழித்துவிட்டோம்.