பழைய எக்செல்லில் பதிவுப் பிழை: ரிப்பேரா, ரெக்சர்வரா?

கடலூர் முதுநகரில் ஒரு கருவாட்டு மொத்தக் கடையின் கணக்கு கம்ப்யூட்டரில் இருப்பது எக்செல் 2007. பில்லிங் புரோகிராமில் எக்ஸ்போர்ட் அழுத்தினால் 429 என்று பிழை வந்தது, ஆனால் எக்செல்லைத் தனியாகத் திறந்தால் ஒரு குறையும் இல்லை. இப்படி இருந்தால் பெரும்பாலும் எக்செல் கெட்டுப்போகவில்லை, அது எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (புரோகிராம்களின் விவரங்களை விண்டோஸ் குறித்து வைக்கும் இடம்) உள்ள பதிவுதான் கலைந்திருக்கும். வேறு ஆபீஸ் பதிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு நீக்கினால் இது நடக்கும்.

லிப்ரே ஆபீஸுக்கு மாறிவிடலாமே என்பார்கள். நல்ல மென்பொருள்தான், இலவசம்தான், ஆனால் பில்லிங் புரோகிராம் எக்செல்லையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, அதனால் இங்கே உதவாது.

மீதி இரண்டு வழிகள். கன்ட்ரோல் பேனலில் ஆபீஸைத் தேர்ந்து 'சேஞ்ச்', 'ரிப்பேர்' கொடுப்பது ஒன்று. இன்னொன்று, ரெக்சர்வர்: எக்செல்லை மூடிவிட்டு, அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து, excel.exe கோப்பின் முழுப் பாதையை அந்தக் கோப்புப் பெயரோடு சேர்த்து மேற்கோள் குறிக்குள் அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு, regserver என்று ஆங்கிலத்தில் இடம் விடாமல் சேர்த்து என்டர் தட்டுவது. எக்செல் தன் பதிவுகளைத் திரும்ப எழுதிக்கொண்டு தானே மூடிக்கொள்ளும்.

நான் ரெக்சர்வர் பக்கம். காரணம் ஒன்றுதான், சிடி. ரிப்பேருக்கு மூல நிறுவல் கோப்புகள் வேண்டும், அவை எம்எஸ்ஓகேச் (MSOCache) என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும், பழைய சின்ன ஹார்டு டிஸ்க்கில் இடம் போதாமல் அதை யாராவது அழித்திருப்பார்கள். அப்புறம் ரிப்பேர் பாதியில் நின்று சிடி கேட்கும். எந்தக் கடையில் இன்னும் அந்த சிடி இருக்கிறது? 2007க்கான சப்போர்ட்டும் 2017 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. முழுசாக நீக்கிவிட்டுத் திரும்பப் போடலாம் என்று இறங்கினால் சிடியோடு புராடக்ட் கீயும் வேண்டும், கீ இல்லையென்றால் இருந்ததும் போச்சு. ரெக்சர்வருக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

ஆனால் எக்செல் புரோகிராமின் கோப்பே சிதைந்து எக்செல் திறக்கவே மறுத்தால் ரிப்பேர்தான் சரி, அங்கே ரெக்சர்வரால் ஒன்றும் ஆகாது. நான் செய்து பார்த்தது 2007, 2010 இரண்டில் மட்டும், அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கு இதையே நம்பி இறங்க வேண்டாம்.

ஒரே கம்ப்யூட்டரில் 2003, 2007 இரண்டும் இருந்தால் பாதையைக் கவனமாக அடியுங்கள். 2003 இருப்பது ஆபீஸ்11 ஃபோல்டரில், 2007 இருப்பது ஆபீஸ்12ல். எதைக் கடைசியாகப் பதிகிறீர்களோ, பில்லிங் புரோகிராம் அதைத்தான் திறக்கும்.