பாக்கெட் தொலைந்தால்: திரும்பக் கேட்பதா, உபரி அனுப்புவதா?

இணையத்தில் எந்தத் தகவலும் பாக்கெட் எனும் சிறு துண்டுகளாகத்தான் போகும். ரவுட்டரில் வரிசை நிரம்பி வழிந்தாலோ வைஃபை சிக்னல் தடுமாறினாலோ பாக்கெட்டுகள் தொலைந்துபோகும். ஈடுகட்ட முக்கியமாக இரண்டு வழிகள்: தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கலாம், அல்லது எப்படியும் தொலையும் என்று முன்கூட்டியே உபரி அனுப்பிவைக்கலாம்.

ஃபைல் இறக்கும்போது யோசிக்கவே வேண்டாம், முதல் வழிதான். ஒரு பைட்கூடக் குறையக் கூடாது, அரை நொடி தாமதமானால் குடிமுழுகிப் போகாது. தரவை முழுமையாகக் கொண்டுசேர்க்கும் இணைய நெறிமுறையான டிசிபி இப்படித்தான் வேலை செய்கிறது. எதுவும் தொலையாதபோது உபரிச் செலவும் இல்லை.

வாய்ஸ் கால் என்றால் கணக்கே மாறிவிடும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே சுமார் 17,000 கி.மீ. ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. போகும். அதாவது ஒரு வழிக்கே 85 மில்லிநொடி. முதலில் அனுப்பியது தொலைந்து, 'வரவில்லை' என்ற தகவல் திரும்பிப் போய், மறுபடி அனுப்பியது வந்து சேர மூன்று பயணம்: 255 மில்லிநொடி. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டாமல் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. இத்தனைக்கும் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை!

இங்கேதான் உபரி கைகொடுக்கிறது. நான்கு பாக்கெட்டுகளை எக்ஸார் செய்து (பிட் பிட்டாகப் பார்த்து, 1-கள் ஒற்றைப்படையாக இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று எழுதும் கணக்கு) ஐந்தாவதாக ஒன்றை அனுப்புங்கள். நான்கில் எது தொலைந்தாலும் மீதியை எக்ஸார் செய்தால் அது அப்படியே கிடைத்துவிடும். விலை, 25 சதவீதம் கூடுதல் டேட்டா. ஆனால் இரண்டு சேர்ந்து தொலைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வைஃபையில் பெரும்பாலும் கொத்தாகத்தான் தொலையும். ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கின் வழி எனக்கு இன்னும் பிடிக்கும்: முந்தைய பாக்கெட்டின் சுருக்கமான, தரம் குறைந்த நகலை அடுத்த பாக்கெட்டிலேயே வைத்து அனுப்பலாம். வழக்கமான 20 மில்லிநொடி பாக்கெட் என்றால், கூடுதலாக அவ்வளவு நேரம் காத்திருந்தால் போதும். அதுவும் வராவிட்டால், முந்தைய ஒலியை நீட்டி இடைவெளியை மறைக்க வேண்டியதுதான்.

நெரிசலால் தொலைகிறதென்றால் இரண்டையுமே கண்மூடித்தனமாகச் செய்யக் கூடாது. 1986-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கும் இடையே 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32,000 பிட்) வேகம் வெறும் 40 பிபிஎஸ்ஸாக விழுந்தது. நெரிசலில் தேவையில்லாமல் மறுபடி மறுபடி அனுப்பியது அதற்கு முக்கியக் காரணம். உபரி பாக்கெட்டும் அதே வரிசையில்தான் நிற்கும். அப்போது முதலில் குறைக்க வேண்டியது அனுப்பும் வேகத்தை.

ஒரே ஊருக்குள் வீடியோ கால் என்றால் திரும்பக் கேட்பதே மலிவு, அதற்கு நேரமும் இருக்கிறது. கண்டம் தாண்டும் குரலுக்கு உபரியை ஆன் செய்துவிடுங்கள்.