கிட் லென்ஸ் மிரர்லெஸ், பழைய காம்பாக்ட்டை எங்கே மிஞ்சுகிறது, எங்கே மிஞ்சவில்லை?

2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 என்ற காம்பாக்ட்டை (லென்ஸைக் கழற்ற முடியாத சிறு கேமரா) வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: கேனான் ஈஓஎஸ் ஆர்50 போன்ற ஆரம்பநிலை மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) மாறினால் படம் எவ்வளவு மேம்படும்? இரண்டையும் மாற்றி மாற்றிப் பல மாதம் பயன்படுத்தினால் கிடைக்கும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கூடவே வரும் 18-45 எம்எம் கிட் லென்ஸோடு மட்டும் வாங்கினால், இரவில் வீட்டுக்குள் எடுக்கும் படம் மேம்படாது. ஃபோகஸ் மேம்படும். படமும் மேம்பட வேண்டுமென்றால் இரண்டாவது லென்ஸுக்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

காரணம் எளிய கணக்குதான். ஆர்50இன் சென்சார் 22.3 × 14.9 மி.மீ., ஆர்எக்ஸ்100இன் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. பரப்பளவில் மிரர்லெஸ் கிட்டத்தட்ட 2.9 மடங்கு பெரியது. வெளிச்சக் கணக்கில் அது ஒன்றரை ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. கடையில் இதை மட்டும்தான் சொல்வார்கள். லென்ஸைப் பற்றிப் பேச மாட்டார்கள். காம்பாக்ட்டின் லென்ஸ் ஜூம் செய்யாத 28 எம்எம் முனையில் எஃப்/1.8 வரை திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). கிட் லென்ஸ் ஏறக்குறைய அதே கோணத்தில் எஃப்/4.5க்கு மேல் திறக்காது. அந்த இடைவெளி இரண்டரை ஸ்டாப்புக்கும் அதிகம்.

ஒரு டியூப்லைட் எரியும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஷட்டர் 1/60 நொடி. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு; அது ஏற ஏறப் படத்தில் நாய்ஸ், அதாவது பொரிப் புள்ளிகள், கூடும். காம்பாக்ட் எஃப்/1.8இல் ஐஎஸ்ஓ 640 கேட்டால், அதே இடத்தில் ஆர்50 எஃப்/4.5இல் ஐஎஸ்ஓ 4000 கேட்கும். பெரிய சென்சாரின் ஒன்றரை ஸ்டாப்பைக் கழித்தால், அந்த 4000 காம்பாக்ட்டின் ஐஎஸ்ஓ 1400க்குச் சமம். ஆக, பழைய கேமராவே ஒரு ஸ்டாப் முன்னால் நிற்கிறது. ஆர்50இன் சென்சார் பதினோரு ஆண்டு புதியது என்பதால் அந்த இடைவெளியில் ஒரு பங்கை அது அடைத்துவிடும். ஆனாலும் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே போனது நாம் கொடுத்த பணம் என்றுதான் தோன்றும்.

இந்தக் கணக்கு 28 எம்எம் முனைக்கு மட்டுமே பொருந்தும். ஆர்எக்ஸ்100இல் ஜூம் செய்யச் செய்ய அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) வேகமாகக் குறுகி, 100 எம்எம் முனையில் எஃப்/4.9க்கு வந்துவிடும். அந்தச் சின்ன சென்சாரில் அது முழு ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கணக்குக்கு எஃப்/13 மாதிரி. கிட் லென்ஸின் நீண்ட முனை எஃப்/6.3, அதாவது எஃப்/10 மாதிரி. அங்கே மிரர்லெஸ் முந்திவிடும். எனவே காம்பாக்ட் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குள் ஜூம் நெம்புகோலைத் தொடவே கூடாது. இரண்டு எட்டு முன்னால் போய் எடுங்கள்.

மிரர்லெஸ் உண்மையிலேயே வேறு உலகம் என்று தோன்றுவது ஃபோகஸில்தான். ஆர்எக்ஸ்100 கான்ட்ராஸ்ட் முறையில் ஃபோகஸ் செய்கிறது: லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே விளிம்பு கூர்மையாகிறது என்று தேடும். நல்ல வெளிச்சத்தில் இது போதும். மங்கலான இடத்தில் ஆரஞ்சு விளக்கை எரியவிட்டு, ஒருமுறை தாண்டிப் போய், திரும்பி வந்து நிற்கும். அதற்குள் குழந்தை திரும்பிவிடும். பல புள்ளிகளைத் தானே தேர்ந்தெடுக்கும் மோடில் விட்டால் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் தொங்கும் காலண்டரைப் பிடிப்பதும் நடக்கும். இதற்கு இரண்டு மாற்றம் செய்தால் போதும். ஃபோகஸ் பகுதியை நடுப்புள்ளிக்கு மாற்றுங்கள். முகத்தில் வைத்துப் பாதி அழுத்தி, பிறகு ஃபிரேமைச் சரிசெய்து எடுங்கள். ஏ மோடில் (அப்பர்ச்சரை மட்டும் நாம் வைப்பது) ஆட்டோ ஐஎஸ்ஓவை நம்பினால் ஷட்டரை 1/30 வரை இறக்கிவிடும், ஆள் அசைந்தால் படம் கலங்கும். எஸ் மோடில் (ஷட்டரை மட்டும் நாம் வைப்பது) 1/125 வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சவரம்பை 3200இல் நிறுத்துங்கள்.

ஆர்50இல் இந்த வேலையெல்லாம் தேவையில்லை. டூயல் பிக்சல் முறை ஃபோகஸ் எந்தத் திசையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சென்சாரிலேயே அளந்துவிடுவதால் தேடல் இல்லை. கண்ணைப் பிடித்தால், ஆள் பக்கவாட்டில் திரும்பி மீண்டும் முகம் காட்டும்வரை பின்தொடரும். ஓடுகிற குழந்தை, மணவறையைச் சுற்றி வரும் மணமக்கள், தெருநாய் எல்லாவற்றிலும் பத்துக்கு எட்டு ஒன்பது கூர்மையாக வரும். காம்பாக்ட்டில் அதே காட்சிகளில் பாதி தேறினாலே அதிகம். நாய்ஸ் இருக்கும் படத்தை மென்பொருளில் ஓரளவு தேற்றலாம். ஃபோகஸ் தப்பிய படத்தை எதனாலும் தேற்ற முடியாது. மாறுவதற்கு நியாயமான முதல் காரணம் எது என்றால், எங்கள் பதில் இதுதான்.

இனி அந்த இரண்டாவது லென்ஸ். ஆர்எஃப் 50 எம்எம் எஃப்/1.8 வெறும் 160 கிராம். ஆர்50இல் இது முழு ஃபிரேம் கணக்குக்கு 80 எம்எம் கோணம் தரும். அளவான போர்ட்ரெய்ட் லென்ஸ். கிட் லென்ஸின் 45 எம்எம் எஃப்/6.3ஓடு ஒப்பிட்டால் 12 மடங்கு வெளிச்சம்: ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்தில் 500 போதும். காம்பாக்ட் நெருங்கவே முடியாத படம் இங்கேதான் பிறக்கிறது. ஒரே எச்சரிக்கை: இந்த லென்ஸிலும் ஆட்டம் தடுக்கும் வசதி இல்லை, ஆர்50இன் உடலிலும் இல்லை. 1/100க்குக் கீழே ஷட்டரை இறக்கினால் கை நடுக்கம் தெரியும். 50 வாங்கிவிட்டு, பழைய காம்பாக்ட்டில் எடுத்த பழக்கத்தில் 1/30இல் எடுத்துப் பார்த்து லென்ஸைக் குறை சொல்பவர்கள் உண்டு.

அறைக்குள் 80 எம்எம் கோணம் நெருக்கடியாக இருக்கும், நாலு பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள். கிட் லென்ஸையே மாற்ற நினைப்பவர்களுக்கு, 2024இல் சிக்மா ஆர்50இல் பொருந்தும்படி கொண்டுவந்த 18-50 எம்எம் எஃப்/2.8 சரியான தீர்வு. ஜூம் முழுவதும் எஃப்/2.8, காம்பாக்ட்டை எல்லாக் கோணத்திலும் தாண்டும். எடை சுமார் 300 கிராம், விலை கிட் லென்ஸோடு ஒப்பிட முடியாத உயரம்.

எடை என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரி, கார்டோடு ஆர்எக்ஸ்100 240 கிராம். ஆர்50 375, கிட் லென்ஸ் 130, ஆக மொத்தம் 505. சட்டைப்பையில் போகும் பொருளுக்கும் தோள்பை கேட்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இது. ஒரு வருடம் கழித்து எந்தக் கேமராவில் அதிகப் படம் இருக்கிறது என்று எண்ணினால், பலருக்கும் பையில் இருந்ததை விடச் சட்டைப்பையில் இருந்ததே ஜெயித்திருக்கும்.

கையாளுவதில் ஓர் ஆச்சரியம். ஆர்எக்ஸ்100இல் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், பின்பக்கம் ஒரு சக்கரம். எம் மோடில் (இரண்டையும் நாமே வைப்பது) அப்பர்ச்சர் ஒன்றில், ஷட்டர் மற்றொன்றில். ஆர்50இன் உடலில் ஒரே டயல்தான். இன்னொன்றை மாற்ற ஒரு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆனால் வழவழப்பான காம்பாக்ட் ஈரக் கையில் நழுவும். ஒட்டும் ரப்பர் கிரிப் ஒன்றை வாங்கிய அன்றே ஒட்டிவிடுவது நல்லது. வெயிலில் திரை தெரியாமல் குத்துமதிப்பாக எடுக்கும் அவதியும் காம்பாக்ட்டில் உண்டு, அதற்குக் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. ஆர்50இல் இருக்கிறது, உச்சிவெயிலில் அதன் அருமை தெரியும்.

அதே உச்சிவெயிலில் காம்பாக்ட்டுக்கும் ஒரு பலம் உண்டு, பலரும் கவனிக்காதது. அதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் உயர்ந்த ஷட்டர் வேகங்களிலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். முதுகில் வெயில் அடிக்க நிற்பவரின் முகம் கறுத்துப் போகாமல் இருக்க, எஃப்/4, 1/1600 வைத்து அந்தச் சின்ன ஃபிளாஷை அடித்தாலே நெருக்கத்தில் முகம் தெளியும். ஆர்50இல் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/250ஓடு நின்றுவிடும். வெயிலில் அதற்கு எஃப்/10 வைக்க வேண்டிவரும். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் அந்த அப்பர்ச்சரில் இரண்டடிக்கு மேல் எட்டாது. வெளி ஃபிளாஷ் வாங்கலாம் என்றால், ஆர்50இன் ஷூ (மேலே ஃபிளாஷைச் செருகும் இடம்) புது வகை. கேனானின் பழைய ஸ்பீட்லைட் ஃபிளாஷைப் பொருத்த ஏடி-இ1 அடாப்டரும் சேர்த்து வாங்க வேண்டும்.

எல்இடி விளக்கு மண்டபங்களில் வரும் பட்டைக்கோடு தனித் தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். ஆர்50ஐ சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தால் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால், மங்கிய நேரத்தில் படித்த வரிகள் இருண்ட பட்டையாக விழும். சத்தமில்லா மோடை அணைத்துவிட்டு 1/100 அல்லது 1/50 வையுங்கள். காம்பாக்ட்டில் பட்டை வராது, ஆனால் 1/500இல் அடுத்தடுத்து எடுத்தால் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வரும். மருந்து அதற்கும் 1/100தான்.

வீடியோவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. காம்பாக்ட்டில் ஃபுல் எச்டியோடு சரி, மைக் செருகவும் வழியில்லை. ஆர்50இல் 4கே, மைக் துளை, முன்பக்கம் திரும்பும் திரை. வீடியோ முக்கியம் என்றால் யோசிக்க எதுவுமில்லை.

சார்ஜ் செய்வதில் ஒரு குறிப்பு. ஆர்50 யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஆகும், ஆனால் பிடி (பவர் டெலிவரி) ஆதரவுள்ள சார்ஜர் வேண்டும். பழைய போன் சார்ஜரைச் செருகிவிட்டு, ஏறவில்லை, கேபிள் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஆர்எக்ஸ்100 மைக்ரோ யுஎஸ்பியில் உடலுக்குள்ளேயே சார்ஜ் ஆகிறது. தினமும் செருகினால் அந்தத் துளை தளரும். என்பி-பிஎக்ஸ்1 பேட்டரிக்குத் தனி சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால் துளையும் பிழைக்கும், ஒன்று ஏறும்போது இன்னொன்றைப் பயன்படுத்தவும் முடியும். பேட்டரி உப்பினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எடுக்கும்போது லேசாக இறுகினாலே அதை ஒதுக்கிவிடுங்கள்.

நீண்ட நாள் உழைப்பில் இரண்டின் பலவீனமும் வேறு வேறு. மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் தூசி உட்காரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேமராவை முகம் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஈரத்துடைப்பான் இல்லாமல் போகாது. காம்பாக்ட்டில் சிக்கல் பெரிது. நீண்டு சுருங்கும் லென்ஸ் துருத்தி மாதிரி, ஒவ்வொரு முறையும் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். உள்ளே போன தூசியை எடுக்க லென்ஸையே பிரிக்க வேண்டும். அதைவிட மோசம், பைக்குள் பவர் பட்டன் தவறி அழுந்தி, லென்ஸ் துணியில் முட்டி, பல்சக்கரம் தேய்வது. மெல்லிய துணிப்பை ஒன்றில் போட்டு, பட்டன் மேலிருக்கும்படி வைப்பது பாதுகாப்பு. கடற்கரை மணலில் காம்பாக்ட்டைத் திறக்கவே வேண்டாம்.

பூஞ்சை இரண்டுக்கும் பொது எதிரி. கடலோர ஊர்களில் தோல் உறைக்குள் பூட்டி வைப்பதுதான் இருக்கிற தவறுகளிலேயே பெரிய தவறு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் மாற்ற வேண்டும். லென்ஸைக் கழற்ற முடியாத காம்பாக்ட்டில் பூஞ்சை வந்தால் பழுதுபார்க்கும் செலவு கேமராவின் விலையைத் தாண்டிவிடும்.

பழைய ஆர்எக்ஸ்100 ஒன்றை இப்போது யாரிடமாவது வாங்குவதாக இருந்தால், அங்கேயே இவற்றைச் செய்து பாருங்கள். அப்பர்ச்சரை எஃப்/11க்குக் குறைத்து, முழுதாக ஜூம் செய்து, வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி. 28 எம்எம்மில் எஃப்/4 வைத்துச் செங்கல் சுவரை நேராக எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்குங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் ஒருமுறையாவது கீழே விழுந்திருக்கிறது. பத்து முறை அணைத்து இயக்கி, லென்ஸ் வெளியே வரும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நடுவில் கரகரவென்று ஒரு தடங்கல் வந்தால் விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.