பூவா, வாலா? மாரியோ 3-இல் என் ஓட்டு வாலுக்கே

போன மாதம் அக்கா பையன் பெரம்பூரிலிருந்து லீவுக்கு ராயபுரம் வந்திருந்தான். நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் பழைய சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். வாலோடு ஜம்மென்று போய்க்கொண்டிருந்தவன், வழியில் பூவைப் பார்த்ததும் பாய்ந்து எடுத்துவிட்டான். வால் போச்சு. "ஏன்டா எடுத்த?" என்றால், "சுடலாம் மாமா!" என்கிறான். தொண்ணூறுகளில் இதே வீட்டில் எங்க அண்ணனோடு நான் போட்ட சண்டையும் இதுதான். அப்போது தீராத வழக்கை இப்போது எழுதியாவது தீர்க்கிறேன்.

வழியில் மாரியோவுக்குச் சக்தி தரும் பொருட்களில் காளான், நட்சத்திரம் இரண்டிலும் பேச ஒன்றுமில்லை. கிடைத்தால் யாரும் விடப்போவதில்லை. பூவும் இலையும் அப்படியல்ல. பூ நெருப்பு தரும், இலை வால் தரும். பூவை எடுத்தால் வால் போகும், இலையை எடுத்தால் நெருப்பு போகும். அங்கேதான் தகராறு.

பூ 1985-இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே உண்டு. பி பட்டனைத் தட்டினால் நெருப்பு உருண்டை தரையில் குதித்துக் குதித்துப் போகும். திரையில் ஒரே நேரத்தில் இரண்டுதான். அவை போய்த் தொலையும்வரை மூன்றாவது வராது. அந்த ஆட்டத்தில் பாலத்தில் நிற்கும் வில்லன் பவுசருக்கு ஐந்து உருண்டை போதும். எங்க அண்ணனுக்குப் பூ மேல் பக்தி வந்தது அப்படித்தான். ஆனால் கறுத்த ஓடு போட்ட வண்டு மேல் எத்தனை உருண்டை பட்டாலும் அது பாட்டுக்கு நடக்கும். வாலால் ஒரு சுழற்று சுழற்றினால் மல்லாந்துவிடும்.

இலை 1988-இல் மூன்றாம் ஆட்டத்தோடு வந்தது. இதற்குக் கட்டைவிரல் பழக வேண்டும். விரல் நுனியால் பி பட்டனை அமுக்கிக்கொண்டே ஓட வேண்டும். அதே விரலின் கணுப்பக்கம் ஏ பட்டன் மேல் படுத்திருக்க வேண்டும். திரைக்குக் கீழே ஆறு அம்புகள் ஒவ்வொன்றாக நிரம்பி, கடைசியில் ‘பி’ எழுத்து மினுமினுக்கும்போது எகிறி, ஏ-வைத் தட்டிக்கொண்டே இருந்தால் மாரியோ சில நொடி பறப்பான். முதல் ஸ்டேஜிலேயே செய்து பார்க்கலாம். மேகத்துக்கு மேலே காசும் ஒரு லைஃபும் காத்திருக்கும்.

பறப்பதற்காக நான் வாலுக்கு ஓட்டுப் போடவில்லை. விழுவதற்காகப் போடுகிறேன். கீழே இறங்கும்போதும் ஏ-வைத் தட்டினால் வால் படபடக்கும், மாரியோ மெதுவாக இறங்குவான். எங்கே கால் வைப்பது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். ஆமை நடந்து வருகிறதா, அது தாண்டும்வரை காற்றிலேயே இழுத்தடிக்கலாம். பூ வைத்திருப்பவன் எகிறினால் எகிறியதுதான், விழுகிற இடம் விதி. அடி வாங்காமல் இருக்க எது உதவும் என்பதுதான் என் கணக்கு. எதிரியை எத்தனை விதமாகக் கொல்லலாம் என்பதெல்லாம் அப்புறம்.

ஏனென்றால், அப்பா பர்மா பஜாரில் வாங்கி வந்த டிவி கேமில் ஓடிய கேசட் ஜப்பான் பதிப்பு. ஊதி ஊதிச் செருக வேண்டிய மஞ்சள் கேசட். அதில் ஒரு அடி பட்டால் பூவோ வாலோ, நேராகச் சின்ன மாரியோதான். 1990-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோதுதான் கொஞ்சம் இரக்கப்பட்டார்கள்: முதல் அடியில் பெரிய மாரியோ, அடுத்த அடியில் சின்ன மாரியோ. மருமகன் ஆடுவது இந்த இரக்கப்பட்ட பதிப்பு. அவனுக்குப் பூ ஒரு விளையாட்டு. எங்களுக்கு அது கடன் வாங்கிக் கட்டிய வீடு மாதிரி.

போதாததற்கு அந்தக் கேசட்டில் சேமிக்கும் வசதி கிடையாது. நாலாவது உலகம் வரை போயிருப்போம், கரண்ட் போகும், திரும்ப முதல் உலகம். இதற்கு மருந்தும் வாலிடம்தான் இருந்தது. முதல் உலகத்தின் மூன்றாம் ஸ்டேஜில் வெள்ளைக் கட்டை மேல் குனிந்தபடியே சில நொடி இருந்தால் மாரியோ திரைச்சீலைக்குப் பின்னால் விழுவான். அப்படியே ஓடினால், உலகம் தாண்ட வைக்கும் ஒரு ஊதல் கிடைக்கும். அடுத்து வரும் கோட்டையில் இன்னொன்று. அதற்கு வால் கட்டாயம். கோட்டைத் தலைவன் அறைக் கதவுக்கு முன்னால் எலும்பு ஆமையை மிதித்துவிட்டு, ஓடி அம்புகளை நிரப்பி, கூரைக்கு மேலே பறந்து, திரையில் ஆளே தெரியாமல் வலப்பக்கம் நடந்து, மேல் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு ஊதலை ஊதிப் போய், போன இடத்திலேயே இன்னொன்றையும் ஊதினால் நேராகக் கடைசி உலகமான எட்டாம் உலகம். கரண்ட் போவதற்குள் பவுசர் வீட்டு வாசல்! ஒரு அடியும் படாமல் வாலை அந்தக் கோட்டைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். பூவோடு போன அண்ணன் கோட்டைக் கூரையை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

மற்ற உடைகளில் எனக்குப் பழக்கம் குறைவு. தவளை உடை தண்ணீரில் ராஜா, தரையில் தத்தித் தத்திப் பாவமாக இருக்கும். தனுகி (ஜப்பானிய நாய் இன விலங்கு) உடையில் வாலும் உண்டு, சிலையாகவும் நிற்கலாம். கிடைத்தால் இலையைவிட அதுவே மேல். சுத்தியல் உடை என் கைக்கு இரண்டே முறை வந்தது, இரண்டு முறையும் பத்து நிமிஷம் தாங்கவில்லை. பேயையே அடித்துப் போடும் உடை என்பதால், நிறைய ஆடியவர்கள் அதற்கு ஓட்டுப் போட்டால் மறுக்க மாட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் பூவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். தண்ணீர் ஸ்டேஜில் மிதித்துக் கொல்ல முடியாது, நெருப்பு மட்டும் தண்ணீருக்குள்ளும் எரியும் (எப்படி என்று கேட்காதீர்கள்). மூன்றாம் உலகம் தொடங்குவதே தண்ணீரில்தான். அங்கே வந்ததும் மருமகன் கையில் ரிமோட்டைக் கொடுத்தேன். சுட்டுத் தள்ளிக்கொண்டே போய்க் கரையேறினான். ஏறிய அடுத்த ஸ்டேஜில் இலை கிடைத்தது. என்னை ஒரு பார்வை பார்த்தான், எடுக்காமல் தாண்டிப் போனான்.