புது மீன் தொட்டியைச் சீக்கிரம் சைக்கிள் செய்ய: பாட்டில் பாக்டீரியாவா, பழைய ஸ்பாஞ்சா?

தர்மபுரியில் மீன் வாங்கப் போனால் தொட்டியோடு பாக்டீரியா அடைத்த ஒரு சின்ன பாட்டிலையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். "ஒரு மூடி ஊத்துங்க சார், நாளைக்கே மீன் விட்டுடலாம்" என்பது வழக்கமான வசனம். இரண்டு வருடத்துக்கு மேலாக வீட்டில் தொட்டிகள் ஓடுகின்றன. ஒன்றில் பாட்டில் பாக்டீரியாவும் மற்றொன்றில் ஓடிக்கொண்டிருந்த தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சும் போட்டுப் பார்த்தாயிற்று. என் ஓட்டு ஸ்பாஞ்சுக்குத்தான்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டு வகையும் தொட்டியில் போதுமான அளவு பெருகும்படி செய்வதைத்தான் 'சைக்கிள் செய்வது' என்கிறோம். இவை பெருகுவது ரொம்ப மெதுவு. பால் தயிராகும் வேகத்தை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. ஒரு முறை இரட்டிப்பாகவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதனால்தான் எதுவும் சேர்க்காத தொட்டி தயாராக நான்கு முதல் ஆறு வாரம் இழுக்கிறது.

பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே குடியிருக்கிறது. ஒரு நண்பர் தன் கப்பி தொட்டியில் இருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை, தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டுக் கொடுத்தார். அதை அப்படியே புதுத் தொட்டியில் மாட்டி, 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியா விட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது, காலையில் விட்ட அம்மோனியா மறுநாள் காலை டெஸ்ட் கிட்டில் தெரியவில்லை, நைட்ரைட்டும் இல்லை. ஆரோக்கியமான தொட்டியிலிருந்து மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்பாஞ்சோடு நோயும் வந்துவிடும்.

பாட்டிலைச் சுத்த ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அதில் இருப்பது உயிர், வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். நான் வாங்கிய பாட்டில் கண்ணாடி ஷோகேஸில் நேர் வெயிலில் நின்றிருந்தது. அந்தத் தொட்டி வழக்கமான வேகத்திலேயே நகர்ந்தது. வாங்குவதானால் தேதி பார்த்து, நிழலில் வைத்திருக்கும் கடையில் வாங்கலாம்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குளோரின் போட்டு வருகிறது. ஆன்டி-குளோரின் விடாமல் ஊற்றினால் மீனோடு பாக்டீரியாவும் போய்ச் சேரும். போர் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. உப்பும் காரமும் அதிகம் என்று பலர் கேனில் வரும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றுகிறார்கள். அது வேண்டாம். அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் அது மிகக் குறைவு என்பதால் பிஎச் சரிந்து, வேலை பாதியில் நின்றுவிடும். நம் போர் தண்ணீரில் அது தாராளம். ஆனால் பிஎச் 7-லிருந்து 8 ஆனால் நச்சு வடிவ அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அதனால் மீனை உள்ளே வைத்துக்கொண்டு சைக்கிள் செய்வது இங்கே கூடுதல் ஆபத்து.

இன்னொன்று, விவசாய நிலங்களை ஒட்டிய போர்களில் நைட்ரேட் முன்பே இருக்கக்கூடும். எங்கள் போரில் இருந்தது. நைட்ரேட் தெரிகிறதே என்று தொட்டி தயாராகிவிட்டதாக நினைக்காதீர்கள். ஊற்றும் தண்ணீரை முதலில் சோதித்துக் குறித்து வையுங்கள். மார்கழிக் குளிரில் ஹீட்டர் போட்டு 28 டிகிரி வைத்தால் வேகம் நன்றாகவே கூடும். தண்ணீர் குளிர்ந்தால் பாக்டீரியாவும் சோம்பிவிடுகிறது.

கரண்ட் போனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஓட்டம் நின்ற ஸ்பாஞ்சுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும், பாக்டீரியா சாகத் தொடங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கிவைத்ததுதான் இத்தனை நாளில் நான் செய்த உருப்படியான செலவு. டெஸ்ட் கிட் அதற்கு அடுத்தது. தண்ணீரில் முக்கிப் பார்க்கும் பட்டையை விட, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வகையே நம்பகமானது.

இப்போது ஓடும் தொட்டியில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் உபரியாகக் கிடக்கும். கழுவுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும், அதுவும் லேசாகப் பிழிந்து. புதுத் தொட்டி வைக்கிற அக்கம்பக்கத்தவர்கள் கேட்டால் அதைக் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக ஒன்றைப் போட்டுவிடுகிறேன்.