பாயிண்டுகளுக்கு எல்.இ.டி. விளக்கு: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

மாதிரி ரயில் தளத்தில் ஒவ்வொரு பாயிண்டும் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் தண்டவாள அமைப்பு) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுப் பலகையில் காட்ட எல்.இ.டி. விளக்குகள் பொருத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவை இல்லாமல் வண்டி ஓட்ட இனி எனக்கு மனம் வராது. ஆனால் எல்லா இணைப்பு முறையும் ஒரே அளவுக்கு உண்மை சொல்வதில்லை. விளக்கு எரிகிறதா என்பதைவிட, அது எதைப் பார்த்து எரிகிறது என்பதுதான் முக்கியம்.

என் பாயிண்டுகளில் பெரும்பாலானவை ஸ்டால் மோட்டாரில் இயங்குகின்றன. கோடிக்குப் போனதும் நின்று, மின்சாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வகை இது; மின்சாரத்தின் திசையை மாற்றினால் மறுபக்கம் திரும்பும். இந்த வகையில் பெயர் பெற்ற டார்ட்டாய்ஸ், 12 வோல்ட்டில் நின்ற நிலையில் எடுப்பது சுமார் 16 மில்லி ஆம்பியர்தான். சாதாரண எல்.இ.டி. 20 வரை தாங்கும். ஆகவே சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என இரண்டை எதிரெதிர்த் திசையில் இணைத்து, மோட்டாருக்குப் போகும் கம்பியிலேயே தொடராகச் செருகிவிடலாம். மோட்டாரின் சுருளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் தனி ரெசிஸ்டர் (மின்தடை) வேண்டாம். எரியும் விளக்கு இரண்டு வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். அதனால் மோட்டார் சற்று மெதுவாக, சத்தம் குறைந்து ஓடுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. கம்பி எங்கேனும் அறுந்தால் இரண்டு விளக்குமே அணைந்துவிடும் என்பது கூடுதல் லாபம். மேசைக்கு அடியில் விட்டுப்போன இணைப்புகளை இப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அடுத்தடுத்த இரு பாதைகளை இணைக்கும் கிராஸ் ஓவரில் இரண்டு மோட்டார்கள் ஒரே சுவிட்சில் இணையாக இருக்கும். பொதுக் கம்பியில் விளக்கைச் செருகினால் இரு மோட்டார்களின் மின்னோட்டமும் அதன் வழியே பாயும்; விளக்கு தாங்கும் 20 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். ஒரு மோட்டாரின் கிளைக் கம்பியில் மட்டும் செருகுங்கள். அடுத்தது ஒளிர்வு. இன்றைய பச்சை விளக்குகள் சில கண்ணைப் பறிக்கும். பக்கத்தில் சிவப்பு சோகை பிடித்ததுபோல் தெரியும். இந்த இணைப்பில் ஒன்றை மட்டும் தனியே குறைக்க எளிய வழியில்லை. வாங்கும்போதே ஒத்த ஒளிர்வு பார்த்து எடுக்க வேண்டும்.

இனி இதன் பெரிய குறை. இந்த விளக்கு காட்டுவது நாம் கொடுத்த கட்டளையை மட்டுமே. யார்டு நுழைவில் ஒரு முறை பாயிண்டைத் திருப்பினேன். பலகையில் பச்சை பளிச்சென்று வந்தது. பெட்டியின் முன்சக்கரங்கள் ஒரு பாதையிலும் பின்சக்கரங்கள் மறு பாதையிலும் போய் வண்டி கவிழ்ந்தது. குனிந்து பார்த்தால், நகரும் தண்டவாளத்துக்கும் நிலைத் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு ஜல்லித் துணுக்கு. கடுகில் பாதிகூட இராது. மோட்டார் தன் பயணத்தை முடித்துவிட்டது. பாயிண்டைத் தள்ளும் வில்கம்பி வளைந்து மீதித் தூரத்தை விழுங்கிவிட்டது. மோட்டாருக்குள் இருக்கும் தொடர்பு முனைகளும் மறுபக்கம் மாறியிருந்தன. ஆகவே விளக்கை அந்த முனைகளிலிருந்து எடுத்திருந்தாலும் பச்சைதான் எரிந்திருக்கும்.

அதன் பிறகு, கண்ணுக்கு எட்டாத பாயிண்டுகள் அனைத்திலும் நகரும் தண்டவாளங்களை இணைக்கும் குறுக்குப் பட்டையின் இரு முனைகளிலும் மைக்ரோ சுவிட்ச் (லேசாக அழுத்தினாலே மாறும் சிறு சுவிட்ச்) வைத்தேன். ஒன்று போதாது, அது எப்போதும் இரண்டில் ஒரு பக்கத்தைத்தான் சொல்லும், 'நடுவில் நிற்கிறது' என்று சொல்லத் தெரியாது. இரண்டு இருந்தால், தண்டவாளம் முழுவதும் ஒட்டிய பக்கத்துச் சுவிட்ச் மட்டும் அழுந்தும்; இடையில் சிக்கினால் எதுவும் அழுந்தாது, இரு விளக்கும் எரியாது. இருட்டாக இருந்தால் வண்டியை நகர்த்துவதில்லை. நிஜ ரயில்வேயிலும் பாயிண்ட் முழுமையாகப் பொருந்தியது உறுதியானால்தான் வண்டி போகச் சிக்னல் கிடைக்கும்.

சுவிட்சைப் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும். தண்டவாளங்களுக்கு இடையே மெல்லிய அட்டைத் துண்டைச் செருகித் திருப்பிப் பார்க்கிறேன்: விளக்கு எரியக் கூடாது. அட்டையை எடுத்ததும் எரிய வேண்டும். இரண்டும் நடக்கும்வரை சுவிட்சை இம்மி இம்மியாக நகர்த்தித்தான் திருகை முடுக்குவேன். சுவிட்சின் எதிர்ப்பைச் சமாளிக்கச் சற்றுத் தடித்த வில்கம்பி தேவைப்பட்டது. இந்த விளக்குகளுக்குத் தனி 12 வோல்ட் மின்சாரம், சிவப்புக்கு 1,000 ஓம் ரெசிஸ்டர், பச்சைக்கு 4,700 ஓம். ஒளிர்வுச் சிக்கலும் அதோடு தீர்ந்தது.

இரட்டைச் சுருள் பாயிண்ட் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தொடர் இணைப்பு உதவாது. அதில் மின்சாரம் கணநேரம்தான் பாய்கிறது. லாட்சிங் ரிலே (மாற்றிய நிலையிலேயே நிற்கும் மின்சுவிட்ச்) வைக்கலாம், ஆனால் அதுவும் கட்டளையைத்தான் நினைவில் வைத்திருக்கும். டி.சி.சி. (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) தண்டவாள மின்சாரத்திலிருந்து நேராக விளக்குக்கு எடுக்காதீர்கள். அது திசை மாறிக்கொண்டே இருப்பது; எல்.இ.டி.யோ தலைகீழாகத் தாங்குவது சுமார் 5 வோல்ட்தான்.

இத்தனை ஆண்டுகளில் என்னிடம் பழுதானவை பெரும்பாலும் விளக்கின் காலில் பற்றவைத்த இடங்களே. வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு, கம்பியைப் பலகையோடு சேர்த்துக் கட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

நிறம் பற்றி ஒன்று. சிவப்பைக் கண்டதும் வண்டியை நிறுத்தக் கை போகிறது. பாயிண்டுக்கு அந்த அர்த்தம் பொருந்தாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம் நண்பர்களில் இருக்கிறார்கள். பலகையில் வரைந்த பாதைப் படத்தில், பிரியும் கிளைக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் விளக்குகள் வைத்தால், எரியும் கிளைதான் வண்டி போகும் வழி. யார்டு பலகையை அப்படி மாற்றிவிட்டேன். மற்றவற்றுக்கும் மஞ்சளையே எடுத்து வைத்திருக்கிறேன்.